லேமினேஷன் போடாதீர்கள்: ஊர் வரலாற்று மன்றம் நடத்துகிற முறை

குடியாத்தத்தில் தாலுகா அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதும் லேமினேஷன் போடுவதும்தான் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பிழைப்பு. ஆனாலும் முதல் யோசனையை என் வியாபாரத்துக்கு எதிராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள்.

அந்த பிளாஸ்டிக் தாளின் உட்புறம் முழுக்கப் பசை. இயந்திரத்தின் சூட்டில் அது உருகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. தொண்ணூறு ஆண்டுகள் கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் தப்பிப் பிழைத்த ஒரு கிரயப் பத்திரத்தை நானே அப்படிக் கொன்றிருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருந்ததை ஒட்டிச் சேர்த்து, பளபளவென்று அடைத்துக் கொடுத்தேன். கொண்டு வந்தவர் மகிழ்ந்து பத்து ரூபாய் கூடவே கொடுத்தார். மூன்றாம் ஆண்டு அதே பத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளே சிக்கிய ஈரத்தில் எழுத்துகள் பழுப்பாகக் கசிந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது.

அதன் பிறகு, பழைய தாளோடு வருகிறவர்களைக் கடை பெஞ்சில் உட்கார வைத்து, இது எங்கே இருந்தது, யார் எழுதியது என்று விசாரிக்கத் தொடங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் மறுநாளும் வந்தார்கள். எங்கள் மன்றம் உண்டானது அப்படித்தான். உங்கள் ஊரிலும் ஒன்று தொடங்க நினைக்கிறவர்களுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஆள் சேர்ப்பது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். ஆனால் முதல் ஆண்டே அங்கே ஓடாதீர்கள். தலைவர் யார், செயலாளர் யார் என்பதிலேயே எங்களுக்கு நான்கு கூட்டங்கள் போயின. அந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு கிராமங்களைப் பார்த்திருக்கலாம். முதலில் வேலை செய்யுங்கள். யார் தொடர்ந்து வருகிறார்களோ அவர்களே நிர்வாகிகள். மாதச் சந்தா ஐம்பது ரூபாய் போதும். பணம் பெரிதானால் பேச்சும் பெரிதாகும்.

ஏழு பேரில் வரலாறு படித்தவர் ஒருவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. எங்கள் பக்கத்தில் அதைவிட அவசியமானவர்கள் வேறு இருவர். ஒருவர் தெலுங்கு வாசிக்கத் தெரிந்தவர். 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமானது. எல்லை பிரிந்தாலும் வீட்டுப் பெட்டிகளில் தெலுங்குப் பத்திரங்கள் அப்படியே கிடக்கின்றன. இன்னொருவர் உருது தெரிந்தவர். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தர்காக்களிலும் பழைய கபறுகளிலும், அதாவது கல்லறைகளிலும், இருப்பதை வாசிக்காமல் ஊர்க்கதை எழுதினால் அது பாதி ஊரின் கதைதான். எங்கள் உருது வாசிப்பாளர் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஹிஜ்ரி ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுவதை மனக்கணக்காகவே போடுவார்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர் இருவரும் வேண்டும். இதை விளக்க வேண்டியதில்லை.

நோட்டுப் புத்தகம்

அட்டை தடித்த நீள நோட்டு ஒன்று வாங்கி, பக்கங்களுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண், பார்த்த நாள், பொருள் யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது, அதைப் பற்றிச் சொன்னவர் யார், எடுத்த படங்களின் எண். இதெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறதே என்பார்கள். எங்கள் இளைஞர் ஒருவரின் கைப்பேசி மோர்தானா அணையில் விழுந்ததோடு இரண்டு மாத வேலையும் விழுந்தது. நோட்டுதான் முதல், மற்றவை அதற்குத் துணை.

மன்றம் எதையும் வாங்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். பத்திரம் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும், கல் ஊரிலேயே இருக்கட்டும், நமக்குப் பதிவு மட்டும் போதும். "எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களே கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாளைக்கு அந்த வீட்டில் பாகப்பிரிவினை வழக்கு வந்தால் காணாமல் போன ஒவ்வொரு தாளுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த எச்சரிக்கை கற்பனையில் வந்ததல்ல.

தாள்கள்

பழைய பத்திரத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்த்து மூடியால் அழுத்துவதைவிட, ஜன்னல் ஓரம் மேசையில் விரித்துக் கைப்பேசியில் படம் எடுப்பது மேல். நேர் வெயில் கூடாது. மடிப்பு விரியாவிட்டால் விட்டுவிடுங்கள், வெந்நீர் ஆவி காட்டுகிறேன் என்று அடுப்படிக்குப் போகாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரைத்தாள் விற்றவர், வாங்கியவர், நாள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செல்லோ டேப் ஒட்டக் கூடாது. ஓலைச்சுவடி கிடைத்தால் கட்டை அவிழ்க்காமல், சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அது நம் கைக்கு அடங்கும் வேலையில்லை.

வாசிக்கும்போது முதலில் தடுக்குவது ஆண்டு. பத்திரங்களிலும் நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதுகளிலும் பசலி என்று, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, இருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1336 என்றால் 1926 ஜூலையில் தொடங்கி 1927 ஜூன் வரை. கல்வெட்டில் சகம் என்ற பழைய ஆண்டுக்கணக்கு இருந்தால் 78 கூட்ட வேண்டும். வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம் கோயிலில் சகம் 1347இல், அதாவது 1425 வாக்கில், படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை கல்லில் இருக்கிறது. இனி எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பொன் கொடுப்பதும் வாங்குவதும் கிடையாது, கன்னிகாதானம் மட்டுமே என்கிறது அது. அறுநூறு ஆண்டுகள் ஆகின்றன. கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க என் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுண்டு. சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்தது இடப்பெயர். பழைய பத்திரத்தில் வடஆற்காடு ஜில்லா என்றிருக்கும். 1989இல் அது வடஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டாயிற்று. அந்த வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்தான் பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஒரே வயல் நான்கு பெயர்களில் வரும். ஆகவே நோட்டில் பத்திரத்தில் உள்ளபடி ஒரு கட்டமும், இன்றைய பெயருக்கு ஒரு கட்டமும் போடுங்கள். சர்வே எண் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலப் பட்டியலான அ-பதிவேட்டைப் பார்த்து இடத்தைப் பிடித்துவிடலாம். அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான். முழு நாள் ஒதுக்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

கல்

இப்போது எல்லோருக்கும் ஆசை உள்ள விஷயத்துக்கு வருகிறேன். வடஆற்காடு நடுகற்களின் நிலம், இறந்த வீரர்களுக்காக நட்டுவைத்த கற்கள். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தொகுத்து வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல்லை மட்டுமாவது ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. வில்லேந்திய வீரன் அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. தன் எசமான் இறந்த பிறகு இரு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய் அது என்று கல்லே சொல்கிறது. அரசர்களின் பெயர்களே அழிந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் நிற்கிறது.

எங்கள் பக்கம் இப்படிப்பட்ட கல்லைத் தேட வேண்டுமானால் "நடுகல் எங்கே?" என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. "வேடியப்பன் சாமி எங்கே?" என்று கேளுங்கள், பல இடங்களில் நடுகல்லை அந்தப் பெயரில்தான் கும்பிடுகிறார்கள். இல்லாவிட்டால், புளியந்தோப்பில் எண்ணெய் பூசிய கல் ஏதாவது உண்டா என்று ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள்.

அப்படித்தான் ஒரு கிராமத்தில், ஊர்ப் பெயரை ஏன் எழுதவில்லை என்று பிறகு சொல்கிறேன், ஒரு கல்லுக்குப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பளவு உயரம். நூறு ஆண்டு எண்ணெயும் மஞ்சளும் விபூதியும் சேர்ந்து, கருப்பட்டிப் பாகு காய்ந்ததுபோல ஓர் அங்குலத்துக்கு ஏறியிருந்தது. வாளியும் பிரஷ்ஷுமாக இறங்கினோம். விளக்கேற்றும் ஆயா குறுக்கே வந்து நின்றார். "உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் தாத்தாவைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் சும்மா இருப்பீர்களா?" என்றார். எங்களில் பட்டம் பெற்றவர் ஒருவர் பல்லவர் காலம், பண்பாடு என்று ஆரம்பித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாளியை வண்டியில் வைத்துவிட்டு, ஆயாவோடு திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு வந்தோம். வேலை அன்றுதான் தொடங்கியது.

ஆடி மாதம் சாமிக்குக் குளியல் உண்டு என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த நாளில் போனோம். அவரே சீயக்காய் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தார். நாங்கள் தண்ணீர் மட்டும் மொண்டு ஊற்றினோம். மூன்றாம் குடத்துக்குப் பிறகு முதலில் வாள் தெரிந்தது. பிறகு காலடியில் இரண்டு மாடுகள். பிறகு தலைக்குமேல், ஆணியால் கீறியதுபோல எழுத்து, ஏழு வரி. ஆயா விரலால் தடவிப் பார்த்து, "இவ்வளவு நாளும் காயம் என்று நினைத்தேன்" என்றார்.

கல்லை வாசிக்கச் சில குறிப்புகள். பழைய எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எ, ஏ வேறுபாடு இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஆகையால் ஒரே சொல்லை நான்கு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். பல்லவர் கால நடுகற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வகை, அதை யாரிடமாவது உட்கார்ந்து கற்றுக்கொள்ளாமல் முடியாது. ஆனால் எதிர்பார்க்க வேண்டிய சொற்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "தொறு" என்றால் ஆநிரை, மாட்டு மந்தை. "பட்டான்" என்றால் விழுந்துபட்டான், இறந்தான். எங்கள் ஏழு வரியில் உறுதியாக வாசிக்க முடிந்தது மூன்றே சொற்கள்: தொறு, மகன், பட்டான். மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவன் மகன். பெயர் இருந்த இடத்தில் கல் பொரிந்திருக்கிறது. தெரியாத எழுத்துக்கு நோட்டில் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். நாங்கள் நிரப்பினோம். அழகான ஒரு பெயரையே உண்டாக்கினோம். வட்டெழுத்து அறிந்தவர் ஒருவர் வந்து பார்த்து, அந்தப் பெயர் கல்லில் இல்லை, உங்கள் மனதில்தான் இருக்கிறது என்றார்.

படம் எடுக்க உச்சி வெயில் உதவாது. ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். இரவில் போய், ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் ஏறக்குறைய ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் எடுத்தால் பகலில் காணாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். சாக்குக்கட்டி, மாவு, பெயின்ட் எதையும் எழுத்தில் நிரப்ப வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் நிரப்புவீர்கள், தெரியாதது என்றென்றைக்கும் மறைந்துபோகும்.

மைப்படி எடுக்கும் ஆசையும் வரும், அதாவது கல்லின் எழுத்தை மையால் தாளில் ஒற்றி எடுக்கும் படி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் தொடவே கூடாது. வேலூர்க் கோட்டை அப்படிப்பட்டது. மற்ற இடங்களில் ஊர்க்காரர் ஒப்பினால் செய்யலாம். கல்லைத் தண்ணீரால் கழுவி, நனைத்த மேப்லித்தோ தாளை அதன்மேல் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தாள் எழுத்துப் பள்ளங்களில் இறங்கும். ஈரம் பாதி வற்றியதும் விளக்குக்கரி மையைத் துணிப்பந்தில் தொட்டு மெல்ல ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒற்றினால் மை ஊறிக் கல்லையும் கறுப்பாக்கிவிடும். காயவிட்டால் தாள் தானாகவே கழன்று விழுந்து காற்றில் பறக்கும். இந்த இடைப்பட்ட நேரத்தைக் கைதான் கற்றுக்கொள்ளும், எழுதிக் காட்ட முடியாது. முதல் பத்துப் படியை உங்கள் வீட்டு அம்மிக்கல்லில் எடுத்துப் பாருங்கள். என் கணவர் ஒரு வாரம் கறுப்புச் சட்னி சாப்பிட்டார்.

கல் கிடைத்ததும் "புதிய கண்டுபிடிப்பு" என்று செய்தி கொடுக்கத் துடிப்பீர்கள். பொறுங்கள். கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் 1890இல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே வேலூர், விரிஞ்சிபுரம் கல்வெட்டுகள் உள்ளன. நாம் கண்டுபிடித்ததை ஒருவர் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். பிறகு இன்னொன்று. எங்கள் இரண்டாவது கல்லைப் பற்றி ஒரு செய்தி வந்தது, ஊர், தோப்பு, எந்த மரத்தடி என்பது வரை. பதினைந்தாம் நாள் புதையல் தேடுகிறவர்கள் இரவோடு இரவாக அடியைத் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிட்டார்கள். அடியில் வெறும் சரளை மண். அன்றிலிருந்து தாலுகாவின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆயாவின் ஊர்ப் பெயரை நான் எழுதாததற்கும் அதுவே காரணம்.

உண்மையாகவே காசோ பானையோ மண்ணில் கிடைத்தால் வட்டாட்சியரிடம் சொல்லிவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மனிதர்கள்

கல் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார். உண்மையில் இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பெரியவர்களிடம் ஆண்டு கேட்காதீர்கள். "எம்.ஜி.ஆர். இறந்தபோது உங்கள் மூத்த பிள்ளை என்ன படித்தது?" என்று கேளுங்கள், 1987 கிடைத்துவிடும். குடியாத்தத்தில் எங்களுக்கு இன்னொரு முளைக்குச்சி உண்டு. முதலமைச்சரான காமராஜர் 1954இல் இங்கே இடைத்தேர்தலில் நின்று வென்றார். எண்பத்தைந்தைத் தாண்டியவர்களிடம் அதற்கு முன்பா, பின்பா என்று கேட்டால் போதும். தங்கள் குடும்பம்தான் அவருக்கு வண்டி கொடுத்தது என்று இதுவரை பதினொரு குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன. பதினொன்றையும் எழுதிக்கொண்டோம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொன்னவர் பெயரோடு. வாதாடவில்லை.

இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். ஒலிப்பதிவைத் தொடங்குமுன் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், கை செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். லுங்கி நெய்த ஒருவரிடம் குழித்தறி எப்படி இருந்தது என்று கேட்டோம். பாவு, ஊடை, நாடா, தார் என்று தொடங்கி, விடியற்காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாவு நீட்டிக் கஞ்சி போட்டதைச் சொன்னார். எந்தத் தெரு, யார் வீட்டு வாசல், குறுக்கே மாடு ஓடி நூல் அறுந்தபோது யார் யாரை அடித்தது என்று ஒரு தெருவே எழுந்து வந்தது. தீப்பெட்டி ஒட்டிய பெண்களிடம் இதுவரை நாங்கள் சரியாகப் பேசவில்லை. அது எங்கள் தவறு. ஆண்கள் வாசலில் உட்கார்ந்து பதில் சொல்லிவிடுகிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு ஜூலை 10ஆம் தேதி அழைத்துப் போகிறோம், 1806 சிப்பாய்ப் புரட்சியின் நாள். போர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நிறுத்தி ஒரு கேள்வி கொடுத்தனுப்புவோம். இந்தக் கோயிலில் நெடுங்காலம் சாமி இல்லை. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டு வந்து வைத்தார்கள். அதைப் பார்த்தவர் உங்கள் வீட்டில் யார்? மறுவாரம் வரும் பதில்களைப் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

எதைப் பதிந்தாலும் மூன்று பிரதி போடுங்கள். ஒன்று மன்றத்துக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று சொன்னவருக்கோ கல்லுக்குச் சொந்தமான ஊருக்கோ. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஆயாவின் கல்லுக்கு எடுத்த மைப்படியைப் பெரிதாக நகல் எடுத்து, கீழே மூன்று சொற்களையும் கொட்டை எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தேன். நகல்தானே, அதற்கு மட்டும் லேமினேஷன் போட்டேன். கொட்டகைத் தூணில் கட்டியிருக்கிறார்கள். வரும் ஆடிக்கு மறுபடி போகிறோம். சீயக்காய் இந்த முறை மன்றத்தின் செலவு என்று ஆயா சொல்லியனுப்பியிருக்கிறார், இரண்டு கிலோ.